3,000 ஆட்டங்கள் இறக்கியும் 13-ஆவது நகர்த்தலில் திணறல்: பழைய செஸ் போட்டித் தொடர் ஆட்டங்களை எப்படித்தான் படிப்பது?

டி4 பைத்தியம்

வணக்கம். என் ரேட்டிங் இரண்டு வருடமாக 1480-ஐச் சுற்றியே நிற்கிறது. வெள்ளையில் டி4 (டி வரிசைச் சிப்பாயை நான்காவது கட்டத்துக்குத் தள்ளுவது), அடுத்து சி4, வேறொன்றும் ஆட மாட்டேன். குயின்ஸ் காம்பிட் என்ற இந்த ஓப்பனிங்கில் (ஆட்டத் தொடக்க முறை) எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன் என்ற கிளைதான் பிடித்தது. சி சிப்பாயை டி5-இல் மாற்றிக்கொண்டு, பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுவந்து, நிதானமாக ஆடலாம்.

"பெரிய ஆட்டக்காரர்களின் தொடர் ஆட்டங்களைப் பார், ஓப்பனிங் தானாக வரும்" என்று பலரும் சொன்னார்கள். நம்பி, இந்த வேரியேஷனில் சுமார் 3,000 ஆட்டங்களை இறக்கினேன். நான்கு மாதமாகத் தினமும் முக்கால் மணி நேரம் பார்க்கிறேன். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போவேன்.

போன வாரம் ஒரு தொடரில் இதே ஓப்பனிங் வந்தது. 12 நகர்த்தல் வரை இரண்டு பக்கமும் டேட்டாபேஸில் இருப்பதுதான். 13-ஆவதுக்கு 25 நிமிடம் யோசித்து எச்3 வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று இப்போது கேட்டாலும் பதில் இல்லை. அடுத்து ஒரு யானையை டி1-க்கு நகர்த்தினேன், பிறகு அதையே சி1-க்கு. 31-ஆவது நகர்த்தலில் தோல்வி.

அன்று இரவு எஞ்சினில் (ஆட்டத்தைக் கணிக்கும் கணினி நிரல்) போட்டுப் பார்த்தால் 12-ஆவது நகர்த்தல் முடிந்த நிலையில் வெள்ளை ஒரு துளி மேல் என்கிறது. ஓப்பனிங்கில் தப்பே இல்லை. பிறகு இத்தனை ஆட்டம் பார்த்ததற்கு என்ன பயன்? நான் பார்க்கும் விதம் தப்பா, இந்த வழியே தப்பா?

அவசரச் சிப்பாய்

3,000 எதற்கு? 30 போதும். இரண்டு நிமிடத்தில் ஓர் ஆட்டம் பார்த்தால் அது ரயில் ஜன்னலில் மரம் பார்ப்பது மாதிரி.

ஓய்ந்த யானை

தம்பி, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. 12 நகர்த்தல் வரை ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். 13-இலிருந்து வேகமாக அழுத்தியிருக்கிறீர்கள். ஓப்பனிங் படிக்கிறோம், நடு ஆட்டம் நமக்கெதற்கு என்று தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். ஆனால் அந்த 12 நகர்த்தல்களும் எதற்காக என்பது 13-க்கு அப்புறம்தான் தெரியும்.

உங்கள் ஓப்பனிங்கிலேயே ஓர் ஆட்டம் சொல்கிறேன். போட்வின்னிக் வெள்ளை, கெரெஸ் கருப்பு, 1952 சோவியத் சாம்பியன்ஷிப். நீங்கள் இறக்கியதில் கண்டிப்பாக இருக்கும். இரண்டு நிமிடத்தில் அதையும் தாண்டிப் போயிருப்பீர்கள்.

அதில் வெள்ளை பிஷப்பை டி3-இலும் ராணியை சி2-இலும் வைத்தார். ராஜா பக்கத்துக் குதிரையை எஃப்3-இல் வைக்காமல் இ2-இல் வைத்தார். இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். 11-ஆவது நகர்த்தலாக ஏ1-இல் இருந்த யானையை பி1-க்கு நகர்த்தினார். பார்த்தால் பி4, பி5 என்று சிப்பாயைத் தள்ளி ராணி பக்கம் தாக்கப்போகிறார் என்றுதான் தோன்றும். மைனாரிட்டி அட்டாக் என்று சொல்வார்களே, அதுதான். கெரெஸ் பிஷப்பை டி6-க்கு நகர்த்தினார். போட்வின்னிக் ராஜாவை எச்1-க்கு ஒதுக்கிவிட்டு 13-ஆவதாக எஃப்3 வைத்தார். இப்போது கதையே வேறு: இ4 என்று மையத்தில் தள்ளப் போகிறார். கெரெஸின் பிஷப் இ7-க்குத் திரும்பியது. போட்வின்னிக்கும் தன் யானையை பி1-இலிருந்து இ1-க்குக் கொண்டுவந்தார்.

கணக்குப் போடுங்கள். வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் நட்டம், ஏனென்றால் யானை ஏ1-இலிருந்து நேராகவே இ1 வந்திருக்கலாம். கருப்புக்கு இரண்டு நட்டம், பிஷப் போய்விட்டு அதே கட்டத்துக்கு வந்துவிட்டது. 20-ஆவது நகர்த்தலில் இ4 வந்தது. பிறகு இ5. 24-ஆவதில் வெள்ளைக் குதிரை டி6-இல் போய் உட்கார்ந்தது. 37-ஆவதில் ஆட்டம் முடிந்தது.

இந்த ஆட்டத்தில் கற்க வேண்டியது 11-ஆவது நகர்த்தல் யானை பி1 என்பது அல்ல. இந்தச் சிப்பாய் அமைப்பில் வெள்ளைக்கு இரண்டு வழி இருக்கிறது, ஒன்று பி5, இன்னொன்று இ4. ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஆடலாம். இது தெரிந்திருந்தால் அந்த 25 நிமிடத்தில் எச்3 உங்கள் மனதிலேயே வந்திருக்காது.

எஞ்சின்தாசன்

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். 1952 ஆட்டத்தை இன்று படிப்பது எதற்கு? அன்று எஞ்சின் இல்லை. அவர்கள் ஆடியதில் பாதி இன்று தப்பு என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது. கருப்பு அந்த ஆட்டத்தில் செய்ததை இன்று 2300 ரேட்டிங் ஆள்கூடச் செய்ய மாட்டார். ஓப்பனிங்குக்கு எஞ்சினையும் கடந்த ஐந்து வருட ஆட்டங்களையும் பார்த்தால் போதும். பழையது அழகுக்குப் பார்க்கலாம், ஆனால் ஓப்பனிங் தயாரிப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஓய்ந்த யானை

கருப்பு இன்று அப்படி ஆட மாட்டார் என்பது சரிதான். ஏன் ஆட மாட்டார்? இந்த மாதிரி ஆட்டங்களைப் பார்த்துத்தானே கற்றார்கள்.

இன்னொன்று. 2700 ரேட்டிங் ஆட்டக்காரர்கள் இருவர் மோதும்போது, வெள்ளையின் திட்டம் கருப்புக்கு முன்பே தெரியும், ஆரம்பத்திலேயே அணை போட்டுவிடுவார். அதனால் திட்டம் முழுதாக நிறைவேறி நாம் பார்க்கவே முடியாது. பழைய ஆட்டத்தில் எதிராளிக்கு அது புதிது. திட்டம் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓடும். 1480-இல் இருப்பவருக்கு முதலில் அதுதான் தேவை. அவருடைய எதிராளிகளும் கெரெஸைவிட நன்றாகத் தடுக்கப் போவதில்லை.

வெள்ளைக்கட்டம்

இருவரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் பழைய ஆட்டம் என்பது தீர்ப்பு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் செய்யும் முதல் தப்பு, கடைசியில் யார் ஜெயித்தார் என்று பார்த்துவிட்டு அவர் ஓப்பனிங்தான் நல்லது என்று முடிவு கட்டுவது.

1918-இல் நியூயார்க்கில் கபாபிளாங்காவுக்கு எதிராக மார்ஷல் ஆடியது எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். ஓப்பனிங் ருய் லோபெஸ். எட்டாவது நகர்த்தலாக கருப்பு டி5 தள்ளி ஒரு சிப்பாயையே தியாகம் செய்தார். கபாபிளாங்கா அதை வாங்கிக்கொண்டு, வந்த தாக்குதல் எல்லாவற்றையும் பலகையிலேயே கண்டுபிடித்துத் தடுத்து, 36 நகர்த்தலில் ஜெயித்தார். ரிசல்ட்டை மட்டும் பார்த்தால் இந்த காம்பிட் (சிப்பாயைத் தியாகம் செய்யும் ஓப்பனிங்) அன்றே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. மார்ஷல் 11-ஆவது நகர்த்தலாகக் குதிரையை எஃப்6-க்குத் திருப்பினார். பின்னாளில் அந்த இடத்தில் சி6 வைப்பதே நிலைத்தது. அந்த ஒரு மாற்றத்தோடு மார்ஷல் அட்டாக் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. வெள்ளை ஆட்டக்காரர்களில் பலர் அதற்குள் போகவே விரும்பாமல் எட்டாவது நகர்த்தலிலேயே ஏ4, எச்3 என்று விலகிப் போகிறார்கள். தோற்ற ஆட்டம்தான் அந்த ஓப்பனிங்குக்குப் பெயரையே கொடுத்தது.

(மார்ஷல் இதை வருடக்கணக்கில் கபாபிளாங்காவுக்காகவே ஒளித்துவைத்திருந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.)

ஆகவே பழைய ஆட்டத்தைத் திறந்தால் நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றுதான்: தோற்றவர் எந்த இடத்தில் வேறு மாதிரி ஆடியிருக்கலாம்? அது ஓப்பனிங்கிலா, 25-ஆவது நகர்த்தலிலா? 25-இல் என்றால் ஓப்பனிங்கின் மேல் பழி போடக் கூடாது.

எஞ்சின்தாசன்

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எஞ்சின்தானே வேண்டும்!

வெள்ளைக்கட்டம்

வேண்டும். கடைசியில். முதலிலேயே திறந்துவைத்தால் பிள்ளை பலகையைப் பார்க்காது, ஓரத்தில் ஓடும் எண்ணைத்தான் பார்க்கும்.

எஞ்சின் இல்லாத காலத்தில் கண்டுபிடித்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 1972 உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம். ஃபிஷர் வெள்ளை, ஸ்பாஸ்கி கருப்பு, குயின்ஸ் காம்பிட்டில் டார்டகோவர் வகை. ஃபிஷர் ஜெயித்ததும் ஸ்பாஸ்கியே கைதட்டினார். அதைப் பார்த்துப் பலர் டார்டகோவரை மூட்டைகட்டியிருப்பார்கள். ஆனால் ஸ்பாஸ்கி 14-ஆவதாக ஏ6 வைத்த இடத்தில் ராணியை பி7-க்கு நகர்த்த வேண்டும் என்று கெல்லருக்குத் தெரிந்திருந்தது. அவர் ஸ்பாஸ்கியின் குழுவிலேயே இருந்தவர். மறுவருடம் ஹில்வர்சமில் டிம்மனுக்கு எதிராக அதே நிலை அவருக்கு வந்தது. ராணி பி7 வைத்தார், கருப்பில் ஜெயித்தார். ஃபிஷரின் அழகான ஆட்டத்தைப் பார்த்து அப்படியே அதே வழியில் போன வெள்ளைக்குத்தான் அடி.

இந்த இரண்டு ஆட்டங்களையும் ஜோடியாகப் பாருங்கள். ஒற்றை ஆட்டமாகப் பார்ப்பதைவிட ஜோடியாகப் பார்ப்பதில் பாடம் அதிகம்.

கோப்புக்காரர்

தேடும் விதம் பற்றி யாரும் பேசவில்லையே. மேலே சொன்ன ஃபிஷர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் நகர்த்தல் சி4. டி4 இரண்டு நகர்த்தல் கழித்துத்தான் வந்தது. "டி4-இல் தொடங்கும் ஆட்டங்கள்" என்று வடிகட்டியிருந்தால் இந்த ஆட்டம் உங்கள் 3,000-இல் இருக்கவே இருக்காது. ஆகவே நகர்த்தல் வரிசையை வைத்துத் தேடாதீர்கள், நிலையை வைத்துத் தேடுங்கள். பலகையில் உங்களுக்கு வேண்டிய நிலையை அமைத்து, "இந்த நிலை வந்த ஆட்டங்கள்" என்று கேளுங்கள். எந்த வழியாக வந்திருந்தாலும் மாட்டும்.

ஏ00 முதல் இ99 வரை 500 ஓப்பனிங் குறியீடுகள் இருக்கின்றன. நூலகத்தில் அலமாரி எண் மாதிரி. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும். அலமாரியையே படித்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

காசு செலவழிக்கத் தேவையில்லை. லிச்செஸ் இணையதளத்தில் மாஸ்டர்கள் பகுதி இருக்கிறது. 1952 முதல், 2200-க்கு மேல் ரேட்டிங் உள்ளவர்கள் நேரில் ஆடிய ஆட்டங்கள். தி வீக் இன் செஸ் என்ற இணைய இதழ் 1994-இலிருந்து வாராவாரம் புதிய தொடர் ஆட்டங்களைத் தொகுத்து இலவசமாகவே தருகிறது.

எச்சரிக்கை ஒன்று. நகர்த்தலுக்குப் பக்கத்தில் காட்டும் வெற்றி சதவீதத்தை நம்பி நகர்த்தலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். "இந்த நகர்த்தலுக்கு 75 சதவீதம்" என்று வரும். உள்ளே போய்ப் பார்த்தால் மொத்தமே நான்கு ஆட்டம். அதில் மூன்றில் வெள்ளை 300 புள்ளி அதிகம் உள்ளவர். ஓப்பனிங் ஜெயிக்கவில்லை, ஆள் ஜெயித்திருக்கிறார். இன்னொரு வகையும் உண்டு. ஒரு நகர்த்தல் 30 வருடம் நன்றாக ஓடியிருக்கும், ஒரே ஓர் ஆட்டத்தில் ஒருவர் அதற்கு மருந்து கண்டுபிடித்திருப்பார், அதன் பிறகு யாரும் ஆடியிருக்க மாட்டார்கள். மொத்தக் கணக்கில் அது இன்னும் பிரமாதமாகத்தான் தெரியும். கடைசியாக எந்த வருடம் ஆடினார்கள் என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அவசரச் சிப்பாய்

டிரா ஆட்டங்களையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். நான் ஒருமுறை கருப்பில் ஆட ஒரு வழி தேடினேன். ஒரு வேரியேஷனில் வரிசையாக டிரா, 15-ஆவது, 16-ஆவது நகர்த்தலில் எல்லாம் முடிந்திருந்தது. பாதுகாப்பான வழி என்று நினைத்து ஒரு தொடரின் கடைசிச் சுற்றில் ஆடினேன். எதிராளிக்கு டிரா வேண்டாம் போல, தொடர்ந்து ஆடினார். எனக்கு 16-க்கு அப்புறம் எதுவுமே தெரியாது! அடுத்த இருபது நகர்த்தலும் தவியாய்த் தவித்தேன். பிறகுதான் புரிந்தது, அந்த கிராண்ட்மாஸ்டர்கள் இருவரும் அன்று சீக்கிரம் கைகுலுக்கிவிட்டுப் போகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அதை ஓப்பனிங் தியரி என்று படித்திருக்கிறேன்.

ஓய்ந்த யானை

சிரித்துவிட்டேன். ஆனால் டிரா எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். 2000-இல் லண்டனில் காஸ்பரோவ், கிராம்னிக் மோதினார்கள். 15 ஆட்டத்தில் 13 டிரா. கிராம்னிக் இரண்டு ஜெயித்தார், காஸ்பரோவ் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. கருப்பில் கிராம்னிக் ருய் லோபெஸுக்கு எதிராக பெர்லின் டிஃபென்ஸ் ஆடினார். ராணிகள் எட்டாவது நகர்த்தலிலேயே வெளியேறிவிடும், கருப்பு ராஜா மையத்திலேயே நிற்கும், பார்க்கவே பரிதாபமாக இருக்கும். அந்த டிராக்களுக்குப் பிறகு ருய் லோபெஸ் ஆடும் விதமே மாறிப்போனது. எத்தனை நகர்த்தலில் டிரா, எப்படிப்பட்ட சண்டைக்கு அப்புறம் டிரா என்று பார்த்தால் போதும்.

டி4 பைத்தியம்

எல்லோருக்கும் நன்றி. போட்வின்னிக், கெரெஸ் ஆட்டத்தைத் தேடினேன், என் தொகுப்பில் இருக்கிறது! பார்த்ததாகவே நினைவில்லை.

யானை ஐயா, ஓர் ஆட்டத்தை எடுத்தால் நீங்கள் எப்படி உட்காருவீர்கள்? அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஓய்ந்த யானை

பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மரப் பலகையை வைத்துக்கொள்வேன். திரையில் பார்த்தால் விரல் தானாகவே அம்புக்குறியை அழுத்திவிடும், கையால் காயை நகர்த்தினால்தான் நிற்கும். ஓப்பனிங் முடியும் வரை, உத்தேசமாக பத்தாவது நகர்த்தல் வரை, சாதாரணமாக வைப்பேன். அதற்குப் பிறகு நான் கற்கும் பக்கத்தின் நகர்த்தல்களை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்வேன். ஒவ்வொன்றுக்கும் என் நகர்த்தலைத் தாளில் எழுதி, காரணமாக நான்கு சொல் எழுதி, பிறகு அட்டையை இறக்கிப் பார்ப்பேன். ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் சந்தோஷம், அங்கேதான் வேலை இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம். நீங்கள் தினமும் ஒதுக்கும் நேரம் அதேதான், ஒரு நாளுக்கு ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் ஆட்டத்துக்கு இரண்டு வரி எழுதுவேன். எந்தச் சிப்பாய் தள்ளல் ஆட்டத்தை உடைத்தது, எதிராளி அதை எப்போது தடுத்திருக்க முடியும். மற்றதெல்லாம் நோட்டை நிரப்பத்தான். எஞ்சினை அதற்கப்புறம் திறப்பேன். எஞ்சின்தாசன் கோபப்பட வேண்டாம்.

எஞ்சின்தாசன்

கோபமில்லை. ஆனால் திறந்து பாருங்கள் ஐயா, அது முக்கியம். பழைய ஆட்டத்தில் ஜெயித்தவரின் விளக்கத்தைப் படித்தால் எல்லாமே முதலிலிருந்து திட்டமிட்டது போல எழுதியிருப்பார். எஞ்சினில் போட்டால் நடுவில் இரண்டு முறை தோற்கும் நிலைக்குப் போயிருப்பார்.

வெள்ளைக்கட்டம்

இதை ஒப்புக்கொள்கிறேன்.

டி4 பைத்தியம், எந்த 30 ஆட்டம் என்பதை உங்கள் சொந்த ஆட்டங்களே சொல்லட்டும். எச்3 வைத்த அந்தத் தோல்வியை எடுங்கள். 12-ஆவது நகர்த்தலுக்கு அப்புறம் இருந்த நிலையைப் பலகையில் வையுங்கள். அதே நிலையோ அதே சிப்பாய் அமைப்போ வந்த ஆட்டங்களைத் தேடுங்கள். நீங்கள் 25 நிமிடம் தவித்த இடத்தில் இன்னொருவர் என்ன செய்தார் என்று பார்ப்பதும், யாரோ ஒருவரின் ஆட்டத்தை வெறுமனே பார்ப்பதும் ஒன்றல்ல. தவித்தவருக்குத்தான் விடை ஒட்டும்.

அப்புறம் டெம்போ (நகர்த்தல் கணக்கில் நேரம்) எண்ணப் பழகுங்கள். யானை ஐயா மேலே எண்ணிக் காட்டினாரே, அப்படி. இதற்கு நான் எப்போதும் காட்டுவது 1907-இல் லோட்ஸில் ரோட்லெவி, ரூபின்ஸ்டைன் ஆடியது. கடைசியில் வரும் தியாகங்களுக்காகத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் 15-ஆவது நகர்த்தலில் நிறுத்திவிடுவேன். வெள்ளை அப்போதுதான் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்திருக்கிறார். பலகையைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே அமைப்பு, கருப்பு யானை ஒன்று டி8-இல் இருப்பது மட்டும்தான் வித்தியாசம். அதுவும் இப்போது நகர்த்த வேண்டியது கருப்பு. முதலில் நகர்த்தியது வெள்ளை அல்லவா? எங்கே தொலைந்தது நேரம்?

பிள்ளைகளை முதலிலிருந்து எண்ணச் சொல்வேன். வெள்ளை அவசரப்பட்டு சி5-இல் வெட்டினார், கருப்பு பிஷப் எஃப்8-இலிருந்து ஒரே தாவலில் வந்து திரும்ப வெட்டியது. கருப்பு அதே மாதிரி அவசரப்படவில்லை, வெள்ளை பிஷப் டி3-க்குப் போகும்வரை காத்திருந்து சி4-இல் வெட்டினார், அந்த பிஷப் மறுபடி நகர வேண்டியதாயிற்று. ராணி டி2 போய் பிறகு இ2. ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். பத்து நகர்த்தல் கழித்து, 25-ஆவதில், வெள்ளை சரணடைந்தார். பிரமாதமான தியாகம் வந்தது எங்கிருந்து என்றால் இந்தச் சில்லறை நேரத்திலிருந்து.

2013-இல் வெய்க் ஆன் ஸேயில் அரோனியனுக்கு எதிராக ஆனந்த் கருப்பில் 23 நகர்த்தலில் ஜெயித்தபோது, இரண்டு பிஷப்புகளும் ராஜாவைக் குறிவைத்து நின்றதைப் பார்த்துப் பலருக்கும் இந்த 1907 ஆட்டம்தான் நினைவுக்கு வந்தது. ஓப்பனிங் வேறு, வருடம் வேறு. பழைய ஆட்டம் எதற்கு என்று கேட்டவருக்கு இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

எஞ்சின்தாசன்

ஆனந்த் அதை முன்பே எஞ்சினோடு தயாரித்து வைத்திருந்தார்!

வெள்ளைக்கட்டம்

எஞ்சினிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

டி4 பைத்தியம்

ஏழு வாரம் கழித்து வருகிறேன். மறந்துவிடவில்லை.

3,000-ஐ அழித்துவிட்டு 12 ஆட்டம் வைத்துக்கொண்டேன். மரப் பலகை, அட்டை, தாள். முதல் வாரம் கொடுமை. முக்கால் மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடியவில்லை, இரண்டு நாள் ஆனது. போட்வின்னிக்கின் 13-ஆவது நகர்த்தலுக்கு நான் எழுதியது பி4. யானை பி1-இல் இருக்கிறதே என்றுதான். அட்டையை இறக்கினால் எஃப்3. ஐயா முன்பே சொல்லியும் தவறவிட்டேன்.

போன வாரக் கடைசியில் ஒரு தொடர். வெள்ளையில் மூன்று ஆட்டம். இரண்டில் குயின்ஸ் காம்பிட் எக்ஸ்சேஞ்ச் வந்தது. முதலாவதில் இ4 தள்ளி ஜெயித்தேன், அது எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டாவதில் மானம் போனது. எஃப்3 வைக்கலாம் என்று கை நீட்டினால், எஃப்3-இல் என் குதிரை உட்கார்ந்திருக்கிறது. பழக்கதோஷத்தில் ஏழாவது நகர்த்தலிலேயே அங்கே வைத்துவிட்டேன்! சரி என்று குதிரையை டி2-க்கு எடுத்து, எஃப்3 வைத்து, இ4-க்குத் தயாராகும்போது கருப்பு சி5 தள்ளி என் மையத்தை உடைத்துவிட்டார். தோல்வி.

ஓய்ந்த யானை

அதனால்தான் குதிரை இ2-இல் இருந்ததைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். குதிரை எங்கே போகிறது என்பதிலேயே திட்டம் பாதி முடிவாகிவிடுகிறது. இ2 என்றால் எஃப்3, இ4. எஃப்3 என்றால் பெரும்பாலும் பி4, பி5 பக்கம் போங்கள். பி5-இல் வந்து சி6-இல் வெட்டினால் கருப்புக்கு அங்கே ஒரு பலவீனமான சிப்பாய் மிஞ்சும், அதையே பிடித்துத் தொங்க வேண்டும். அதற்குள் கருப்பு குதிரையை இ4-இல் நிறுத்தி உங்கள் ராஜா பக்கம் வரப் பார்ப்பார். அந்தப் பந்தயம்தான் ஆட்டம். உங்கள் 12 ஆட்டத்தையும் குதிரை இருக்கும் கட்டத்தை வைத்து இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.

டி4 பைத்தியம்

பிரித்துவிட்டேன். இ2 ஏழு, எஃப்3 ஐந்து. இத்தனை நாளும் இரண்டையும் ஒரே குவியலில் போட்டு, ஒரே ஓப்பனிங் என்று நினைத்திருக்கிறேன்.

பிரிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஏழிலும் ராணி சி2 வருகிறது. நானும் இரண்டு வருடமாக ராணியை சி2-இல்தான் வைக்கிறேன், டேட்டாபேஸில் அதுதான் முதலில் இருந்தது என்பதால். நேற்றுதான் கருப்பின் பக்கம் பலகையைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். சி8-இல் இருக்கும் பிஷப்புக்கு நல்ல கட்டம் எஃப்5. அங்கே வந்தால் என் டி3 பிஷப்பை மாற்றிக்கொண்டு நிம்மதியாகிவிடும். ராணி சி2-இலும் பிஷப் டி3-இலும் இருந்தால் வர முடியாது. அந்த பிஷப்பை வெளியே விடாமல் வைப்பதற்காகத்தான் இந்த ராணி. சரிதானே?

ஓய்ந்த யானை

சரிதான். இப்போது அடுத்தது: ராணி சி2-ஐத் தாமதித்து இ3 முதலில் வைத்தால், கருப்பு சி6 வைத்துவிட்டு பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவருவார். அதற்கு வெள்ளை ராணி எஃப்3 என்று பதில் சொன்ன ஆட்டங்கள் நிறைய. பிஷப் ஜி6-க்குப் போகும், எஃப்6-இல் வெட்டுவார்கள், ராணிகள் வெளியேறும், கருப்புக்கு எஃப் வரிசையில் இரட்டைச் சிப்பாய். ராணி இல்லாத நிலையில் அந்த இரட்டைச் சிப்பாயை யார் எப்படிக் கையாண்டார்கள் என்று நான்கு ஆட்டம் எடுத்துப் பாருங்கள். இரண்டு வெள்ளை ஜெயித்தது, இரண்டு டிரா. அட்டையை மறக்காதீர்கள்.

அவசரச் சிப்பாய்

டிரா எத்தனை நகர்த்தல் என்று முதலில் பாருங்கள்.